ஆய்வேட்டை யார் படிப்பது?

"இதுல கைநாட்டு வச்சா வீட்ட விட்டுப் போகச் சொல்ல மாட்டாங்களே, தம்பி?"

2025 மார்ச் மாதம், பேராக்கின் தென்பகுதியில் உள்ள ஒரு மலிவு விலை வீடமைப்புப் பகுதியில், ஒரு பாட்டி என்னிடம் கேட்ட கேள்வி இது. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "பசியாறிட்டியா?" என்று கேட்டார். வரக்கோப்பி கலக்கிக் கொடுத்தார். என் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் "அவரு பேரனா நீ?" என்று கன்னத்தைத் தடவினார். பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டியபோதுதான் முகம் மாறியது. மலாய்மொழியில் இரண்டு பக்கம். அடியில் கோடு போட்ட இடத்தில் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்காக மைப்பெட்டியும் வாங்கிப் போயிருந்தேன்.

நான் சிரித்துவிட்டேன். "இல்ல பாட்டி, இது பல்கலைக்கழகப் படிவம். வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று விளக்கினேன். அவரும் கட்டைவிரலைப் பதித்துவிட்டு, பழைய கதையைச் சொல்லத் தொடங்கினார். நான் ஒலிப்பதிவுப் பொத்தானை அதன் பிறகுதான் அழுத்தினேன்.

அந்தக் கேள்வி பதிவாகவில்லை. ஆய்வேட்டிலும் இல்லை. பல மாதங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, நான் தேடிப்போன பதில் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே இருந்தது என்று. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

என்னைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவன். 2015-இல் யூபிஎஸ்ஆர் எழுதி, மலாய்மொழியில் தேறிவிட்டதால் புகுமுக வகுப்புக்குப் போகாமல் நேராகத் தேசிய இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் சேர்ந்தேன். அங்கே தமிழ் என்பது பள்ளி முடிந்தபின், மாலை இரண்டரை மணிக்கு, அறிவியல் கூடத்தின் ஒரு மூலையில் ஏழு பேரோடு நடக்கும் வகுப்பு. எஸ்பிஎம் வரை அந்த எழுவரில் மூவர்தான் மிஞ்சினோம். மற்ற பாடங்கள் எல்லாம் மலாயில். எனவே வரலாறு என்றால் மலாய், வீட்டுச் சண்டை என்றால் தமிழ் என்று என் மூளைக்குள்ளேயே ஒரு பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிட்டது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான் என நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் சேர்ந்தேன். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு என் அப்பா பிறந்த தோட்டத்தையே தலைப்பாக எடுத்தேன். ரப்பர் தோட்டமாக இருந்து, பாதி செம்பனையாகி, 1996-இல் வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்ட தோட்டம் அது. அங்கிருந்த குடும்பங்கள் எப்படி வெளியேறின என்பதே ஆய்வு. பதினான்கு பேரைப் பேட்டி கண்டேன். ஒன்பது மணி நேரத்துக்கும் அதிகமான ஒலிப்பதிவு சேர்ந்தது.

பேட்டி முழுவதும் தமிழ். ஆய்வேடு முழுவதும் மலாய். இடையில் நின்றவன் நான் ஒருவன்.

அந்த வேலையில் எத்தனை சொற்கள் என் கையில் உயிரை விட்டன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 'பெரட்டு' என்பதைக் காலை நேர வருகைப்பதிவு என்று எழுதினேன். விடியற்காலை இருட்டில், பனியில், மண்டோர் பெயர் கூப்பிடும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று ஒரு தாத்தா சொன்னார்; வருகைப்பதிவுக்கு யாருக்காவது நெஞ்சு அடித்துக்கொள்ளுமா? 'ஆயாக்கொட்டகை'யைக் குழந்தைப் பராமரிப்பு மையம் என்று மொழிபெயர்த்தேன். படிப்பவர் குளிரூட்டியும் வண்ண நாற்காலிகளும் உள்ள இடத்தைத்தான் கற்பனை செய்வார். தொட்டில்கள் வரிசையாகத் தொங்கிய தகரக் கொட்டகை யார் கண்ணுக்குத் தெரியும்? பாட்டியின் பெயர் 'பேட்டியாளர் 6' ஆயிற்று. அது ஆய்வு நெறி. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவருக்குக் குறை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வேட்டைக் கட்டமைத்து, தடித்த அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்தில் பெயர் பொறித்து ஒப்படைத்தேன். நல்ல தேர்ச்சி கிடைத்தது. படம் எடுத்து இன்ஸ்தாகிராமில் போட்டேன். இருநூற்றுச் சொச்சம் இதயங்கள் விழுந்தன. அதைத் திறந்து படித்தவர்கள் என் மேற்பார்வையாளரும் இரண்டாம் தேர்வாளரும் மட்டுமே. எழுத்துப்பிழை பார்த்துக்கொடுத்த அறைத்தோழனையும் சேர்த்தால் மூவர்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக விரும்புகிறேன். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அங்கே இந்திய ஆய்வியல் துறை 1956-இல் உருவானது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி கடுமையாகப் போராடினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் விடுத்த வேண்டுகோள். அன்றைய ஒரு வெள்ளி இன்றைய ஒரு வெள்ளி அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1966 ஏப்ரலில், முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் அப்போது இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார். இந்த வரலாற்றைக் கழக விழாக்களில் தவறாமல் பேசுகிறோம்; கைதட்டுகிறோம். ஆனால் அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவன் தன் பிள்ளை அந்த வாசலை மிதிப்பான் என்று எண்ணியிருப்பானா? பெரும்பாலும் எண்ணியிருக்கமாட்டான். யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தது அது. அப்படியானால் அந்தப் பிள்ளை படித்ததை அவனிடம் வந்து சொல்ல வேண்டாமா?

ஆய்வேட்டுக்காக நூலகத்தில் அலைந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. தோட்டத் துண்டாடல் பற்றி அறுபதுகளின் தொடக்கத்தில் உங்கு அசிஸ் எழுதிய ஆய்வு. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்ட காலம் இருந்த பொருளாதாரப் பேராசிரியர் அவர்தான். 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதை அந்த ஆய்வு ஆராய்கிறது. அதே துண்டாடலுக்கு அஞ்சித்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பங்குப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கும் தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தங்கள் நிலைமையைப் பற்றி ஒரு மலாய்ப் பேராசிரியர் அந்தக் காலத்திலேயே ஆய்ந்து எழுதினார் என்பது நான் பேட்டி கண்ட பதினான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். ஒரு தாத்தா, "அப்படியா, நம்மளப் பத்தியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

சரி, இன்றைக்கு வருவோம். வளாகத்தில் ஆய்வு என்றால் என்ன பேசப்படுகிறது? உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம், ஸ்கோப்பஸ் பட்டியலில் எத்தனை கட்டுரைகள், மேற்கோள் எண்ணிக்கை எவ்வளவு. பல்கலைக்கழகத்தின் முகப்பில் பெரிய பதாகை கட்டும் அளவுக்கு இவை முக்கியம். முக்கியமில்லை என்று சொல்லும் தகுதி இருபத்திரண்டு வயது இளங்கலை மாணவனுக்குக் கிடையாது. விரிவுரையாளர்களின் பதவி உயர்வும் மானியமும் அதில் அடங்கியிருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் நம்மைச் சொல்லலாம் அல்லவா? புலனக் குழுவைத் திறந்தால் வாரத்துக்கு நான்கு கூகுள் படிவம். 'அன்பு நண்பர்களே, ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை நிரப்பவும், நூறு பேர் தேவை, இன்றிரவு கடைசி.' இந்திய இளைஞர்களின் வாசிப்புப் பழக்கம், இந்திய இளைஞர்களின் சேமிப்புப் பழக்கம், இந்திய இளைஞர்களின் இன்னும் ஏதோ ஒரு பழக்கம். நிரப்புபவர்கள் எல்லாரும் அதே குழுவில் இருப்பவர்கள். நானும் பாடநூல் வாசிப்பைக்கூட வாசிப்பாகக் கணக்கிட்டு நிரப்பியிருக்கிறேன். இப்படிப் பார்த்தால், மலேசிய இந்திய இளைஞனின் பழக்கவழக்கம் என்று ஆய்வேடுகளில் இருப்பதெல்லாம் எங்கள் விடுதியின் மூன்றாம் மாடிப் பழக்கவழக்கம்தான். ஆய்வு செய்வோரும் நாமே, ஆய்வுக்குட்படுவோரும் நாமே, அதைப் படிக்காதவர்களும் நாமே.

மீண்டும் பாட்டிக்கு வருகிறேன். தேர்வு முடிவு வந்து சில வாரங்கள் கழித்து அவருடைய பேரன் மூலம் அழைப்பு வந்தது. "நான் சொன்னதெல்லாம் என்னாச்சு, தம்பி?" நல்ல புள்ளி வாங்கிட்டேன் பாட்டி என்றேன். "அது சரி. என்ன எழுதுன?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நூற்று இருபது பக்கம் மலாயில் எழுதியதை அவருக்கு எப்படிச் சொல்வது? இரண்டு வாரம் உட்கார்ந்து, அதன் சாரத்தைத் தமிழில் ஆறு பக்கமாக எழுதினேன். மலாயில் நூற்று இருபது பக்கம் எழுதியதைவிட இந்த ஆறு பக்கம் அதிகம் சிரமப்படுத்தியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எழுதுவது இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கட்டுரை போலவே வந்தது. 'ஆகவே' இல்லாமல் ஒரு பத்தியை முடிக்கத் தெரியவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்தபின், பக்கத்துக் கூடத்தில் வாசித்தேன். பேட்டி கொடுத்தவர்களில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் சிலரும் கைப்பேசியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

நான்காவது பக்கத்தில், 'பேட்டி கண்ட பதினால்வரில் பதினொருவர் இழப்பீட்டை ஏற்று, சம்மதித்து வெளியேறினர்' என்று வாசித்தேன். அட்டவணையில் உள்ளது அது. 1996-இல் நிர்வாகம் அனுப்பிய கடிதத்தின் நகலிலும் இருதரப்பு ஒப்புதல் என்றே இருந்தது. வாய்மொழிச் சான்றும் எழுத்துச் சான்றும் ஒத்துப்போகின்றன என்று ஆய்வேட்டில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தேன். மேற்பார்வையாளரும் அந்தப் பத்தியின் ஓரத்தில் ஒரு சரி போட்டிருந்தார்.

முன்வரிசையில் இருந்த மண்டோர் தாத்தா கையைத் தூக்கினார். "யாரு சம்மதிச்சா?"

"நீங்கதான் சொன்னீங்க தாத்தா. ஒத்துக்கிட்டோம்னு."

"ஒத்துக்கிட்டோம்னுதான் சொன்னேன். சம்மதிச்சோம்னு எப்ப சொன்னேன்? மூணு வாரம் தண்ணிய நிப்பாட்டி வச்சிருந்தாங்க. ஆத்துல போயித் தூக்கிட்டு வந்தோம். அதுக்கப்புறம் ஒத்துக்கிட்டோம்."

கூடத்தில் இருந்த மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். தண்ணீர் நின்ற தேதியைப் பற்றி இருவருக்குள் வாக்குவாதம். தைப்பூசத்துக்கு முன்பா பின்பா என்று. ஆனால் தண்ணீர் நின்றதில் கருத்து வேறுபாடு இல்லை. "இதையெல்லாம் ஏன் பேட்டியில சொல்லல?" என்று கேட்டேன். ஒரு பாட்டி, "நீ கேக்கலியே, தம்பி" என்றார். நான் கேட்ட கேள்வி, இழப்பீட்டை ஏற்றுக்கொண்டீர்களா என்பது. அவர்கள் அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிரவு விடுதிக்குத் திரும்பி ஒலிப்பதிவுகளை மறுபடியும் கேட்டேன். 'ஒத்துக்கிட்டோம்' என்று சொன்ன பதினொருவரில் எட்டுப் பேர், அதைச் சொன்ன கையோடு 'என்ன பண்றது' என்றும் சொல்லியிருக்கிறார்கள். சிலர் பெருமூச்சோடு, ஒருவர் சிரிப்போடு. எழுத்தாக்கம் செய்தபோது அந்த 'என்ன பண்றது'வை நான் நீக்கிவிட்டேன். 'ம்', 'வந்து', 'அதான்' போன்ற நிரப்புச் சொற்களோடு அதையும் சேர்த்துவிட்டேன். பிறகு 'ஒத்துக்கிட்டோம்' என்பதை மலாயில் 'பெர்செத்துஜு' என்று எழுதினேன். அகராதிப்படி தவறில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, அதே தோட்டத்துக்காரரின் பேரனாக இருந்தும் எனக்கு அந்தச் சொல் கேட்கவில்லை. ஒரு மலாய் மாணவரோ சீன மாணவரோ இந்தத் தவற்றைச் செய்திருந்தால், நம்மவர் மொழி தெரியாதவன் எழுதினால் இப்படித்தான் என்று நானே பேசியிருப்பேன்.

துறை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். புள்ளி பதிவாகி, பிரதி நூலகத்துக்குப் போய்விட்டது. இனி மாற்ற வழியில்லை என்று கனிவாகவே சொன்னார்கள். நாளைக்கு யாராவது தோட்ட வெளியேற்றம் பற்றி எழுத வந்து என் ஆய்வேட்டைப் புரட்டினால், பதினான்கில் பதினொருவர் சம்மதித்தனர் என்று மேற்கோள் காட்டுவார். அடைப்புக்குறிக்குள் என் பெயரும் ஆண்டும் இருக்கும். யாரும் படிக்கமாட்டார்கள் என்று சற்று முன் வருத்தப்பட்டவன், இப்போது யாரும் படித்துவிடக்கூடாதே என்று அஞ்சுகிறேன்.

ஆய்வேட்டைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மலாயில் எழுதியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நம் தோட்டங்களில் நடந்தது இந்நாட்டு வரலாறு; அதை நாட்டின் மொழியில் நாட்டார் எல்லாரும் படிக்க வேண்டும். நான் சொல்வது, ஒப்படைப்பதற்கு முன்னால், சொன்னவர்களிடம் அவர்கள் மொழியில் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள் என்பதுதான். நான் ஒப்படைத்த பின்னால் வாசித்தேன். அந்த இரண்டு மாதத் தாமதம்தான் தவற்றைத் திருத்த முடியாததாக்கியது.

இதைக் கழகக் கூட்டத்தில் சொன்னபோது, உயிரியல் தொழில்நுட்பம் படிக்கும் தோழி ஒருத்தி, "என் பாக்டீரியாவுக்குத் தமிழ் தெரியாதே" என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவள் ஆய்வது சதுப்பு நிலத்து மண். அந்தப் பக்கம் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நாலு பக்கம் தமிழில் எழுதச் சொன்னால் முடியுமா என்று கேட்டேன். கலைச்சொல் இல்லை என்றாள். எனக்கும் 'ஒத்துக்கிட்டோம்' என்பதற்கு மலாயில் சொல் கிடைக்கவில்லை. அதனால் நான் என்ன ஆனேன் என்று பார்த்தாயே என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இன்னொரு நண்பன், "மச்சான், இது ஆறு கிரெடிட். முடிச்சோமா போனோமான்னு இருக்கணும்" என்றான். பிடிபிடிஎன் கடனும் பகுதிநேர வேலையுமாக ஓடுகிறவன் அவன். அவனிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

கழகம் ஆண்டுதோறும் கலை இரவுக்குச் செலவிடும் உழைப்பை அறிந்தவன் நான்; இரண்டாண்டு மேடைத் திரையை இழுத்தவன். பொங்கல், சொற்போர், காற்பந்து எல்லாம் நடக்கட்டும். அவற்றோடு, இறுதியாண்டு மாணவர்கள் ஒப்படைப்புக்கு முந்திய மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஆய்வு வாசிப்புக்கு ஒதுக்க முடியாதா? விரிவுரை மண்டபம் வேண்டாம். வெளியிலிருந்து பெரியவர்கள் வந்து உட்கார ஒரு கூடமும், அவர்களை அழைத்துவர இரண்டு வேனும், கோப்பியும் போதும். இந்த ஆண்டு மலரிலும் எட்டுப் பக்கம் அதற்கென்று கேட்டிருக்கிறேன். ஆசிரியர் குழு நான்கு பக்கம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வாழ்த்துரைகளைக் குறைத்தால் இன்னும் இரண்டு கிடைக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

பாட்டியின் குறையைச் சொல்கிறேன் என்றேனே. கூட்டம் முடிந்து ஆறு பக்கத்தின் ஒரு நகலை அவரிடம் கொடுத்தேன். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பேரன் படித்துக் காட்டினான். "எம் பேரு எங்க?" என்றார். பேட்டியாளர் 6 நீங்கதான், பெயர் போடக்கூடாது, உங்க பாதுகாப்புக்காகத்தான் என்று விளக்கினேன். "யாருகிட்டேருந்து பாதுகாப்பு? எல்லாம் முடிஞ்சு போச்சே" என்றார். அவர் நகலில் மட்டும், 6 என்ற இடத்தில் பேனாவால் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். அடையாள அட்டை நகலும் இபிஎஃப் தாள்களும் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் அதை வைத்து மூடினார்.

நூலகத்தில் என் பிரதியில் ஒரு திருத்தத் தாளை ஒட்ட அனுமதி கேட்டிருக்கிறேன். ஒட்ட இயலாது, ஆனால் தனியாக ஒப்படைத்தால் அதே எண்ணில் பதிந்து வைக்க முடியுமா என்று பார்க்கிறோம் என்றார் நூலகர். தாளை எழுதிவிட்டேன். மலாயில் ஒன்றரைப் பக்கம். 'ஒத்துக்கிட்டோம்' என்ற சொல்லை மட்டும் தமிழ் எழுத்திலேயே விட்டிருக்கிறேன். மண்டோர் தாத்தாவிடம் வாசித்துக் காட்ட அடுத்த ஞாயிறு போகிறேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் ஒப்படைப்பேன்.